கேம் கைக்கருவியில் படம் ஏன் நெளியுது?

சிங்கப்பூர்ல இருந்து காரைக்குடி, தேவகோட்டைக்கு லீவுல வர்றவங்க பிள்ளைகளுக்கு வாங்கிட்டு வர்ற எமுலேட்டர் கைக்கருவிகள் (பழைய வீடியோ கேம்களை ஆட வைக்கிற சின்னக் கருவிகள்) பலதுல திரை 640×480 பிக்சல். நின்டெண்டோவோட பழைய கைக்கருவியான கேம் பாய் அட்வான்ஸ் கேம்களோட படமோ 240×160.

அகலம் நிரம்ப இழுத்தா 2.67 மடங்கு. முழு எண் இல்லாததால ஒரு புள்ளி 2 பிக்சல், பக்கத்துப் புள்ளி 3 பிக்சல்னு ஆகும். காட்சி நகரும்போது எழுத்து நெளியறது இதனாலதான்.

கேமை ஓட்டுற ரெட்ரோஆர்ச் செயலியில செட்டிங்ஸ், வீடியோ, ஸ்கேலிங் போய் 'இன்டிஜர் ஸ்கேல்' (முழு எண் மடங்கு) ஆன் பண்ணுங்க. 480×320 அளவுல, சுத்திக் கருப்புக் கரையோட வரும். கரை இருந்தா இருக்கட்டும், அந்தக் கூர்மைக்கு ஈடில்ல. இனிமேதான் வாங்கச் சொல்லப் போறீங்கன்னா 720×480 திரை கேளுங்க: சரியா 3 மடங்கு, கரையே வராது.

கூட வர்ற மெமரி கார்டை முதல் நாளே கணினியில நகல் எடுத்துடுங்க. மட்டமான கார்டு செத்தா சேவ் எல்லாம் அதோட போயிடும்.