என் மகன் எழுதிய ஒரு பக்கம்

சென்ற அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை இரவு, சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்து வைக்க எழுந்தபோதுதான் என் மகன் அதைச் சொன்னான். அன்று காலை இரண்டாம் பாடவேளையில் உதவித் தலைமையாசிரியர் அவனை அழைத்திருக்கிறார். அந்த அறையில், மேசைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில், பள்ளி மாவட்டத்தின் (எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின்) காவலர் ஒருவரும் உட்கார்ந்திருந்திருக்கிறார். பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் முந்தின இரவு ஒருவன் பொம்மைத் துப்பாக்கிப் படத்தைப் போட்டு, "நாளைக்கு ஸ்கூலுக்கு வராதீங்கடா" என்று எழுதியிருந்தான். அதைப் படித்தவர்களில் என் மகனும் ஒருவன். கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, தெரிந்ததையெல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பென்சிலால் ஒரு பக்கம் எழுதி, கீழே பெயரும் தேதியும் போட்டுக் கொடுத்துவிட்டுக் கணித வகுப்புக்குப் போய்விட்டான்.

"உன்னைக் கேள்வி கேட்டது யார், உதவித் தலைமையாசிரியரா, போலீஸா?" என்று கேட்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "ரெண்டு பேரும்தாம்மா" என்றான்.

அந்தச் செய்தியைப் போட்ட பையனை மூன்று நாள் இடைநீக்கம் செய்தார்கள். கைது எதுவும் இல்லை. பள்ளி விசாரித்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. டெக்சாஸில் பிள்ளை வளர்க்கும் எந்தத் தாயும் அப்படி ஒரு செய்தியைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லமாட்டாள். ஆனால் "ரெண்டு பேரும்தாம்மா" என்ற பதில் என்னை வெகு நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அந்த இருவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகை மனிதர்கள் அல்லர். ஒருவரிடம் பிள்ளை சொல்வது பள்ளி ஒழுங்குக்குள் முடியும், மற்றவரிடம் சொல்வது நீதிமன்றம் வரை போகலாம். இந்த வேறுபாட்டை இங்கு வந்து பதினொரு ஆண்டுகளாகியும் நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளி வாசலில் நிற்கும் சீருடைக்காரரை நம்மில் பலர் காவலாளி என்று நினைத்துக்கொள்கிறோம். ஊரில் பள்ளிக்கூடத்து வாட்ச்மேனைப் பார்த்த பழக்கம் அது. டெக்சாஸ் கல்விச் சட்டம் பள்ளி மாவட்டத்தின் வாரியத்துக்கே சொந்தக் காவல்துறையை அமைக்கும் அதிகாரத்தைத் தருகிறது. 300க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் அப்படிப்பட்ட துறைகள் இருக்கின்றன. மற்ற இடங்களில் நகரக் காவல்துறையோ ஷெரிஃப் அலுவலகமோ ஒப்பந்தப்படி ஆள் அனுப்புகிறது. ஐ.எஸ்.டி. காவலர், அதாவது பள்ளி மாவட்டத்தின் காவலர், மாநில உரிமம் பெற்ற முழுக் காவலர். கைது செய்யவும், வழக்குப் பதியவும், வாரியம் வகுத்த எல்லைக்குள் பள்ளிக்கு வெளியேகூடச் செயல்படவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இது புதிய ஏற்பாடும் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளின் காவல்துறை 1948இல் தொடங்கியது. பள்ளிக்குள்ளேயே ஒரு காவலரை அமர்த்தும் முறை 1950களில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் வேர்விட்டது. 1999இல் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு அது நாடெங்கும் பரவியது.

அவர் அங்கே இருப்பதற்கான காரணத்தை நான் மறுக்கவில்லை. என் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் வகுப்பறைத் தரையில் நீல நிற டேப் ஒன்றைக் கோணலாக ஒட்டியிருக்கிறார்கள். கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியாக யார் எட்டிப் பார்த்தாலும், டேப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கண்ணில் படமாட்டார்கள். துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்வதற்கான லாக்டவுன் ஒத்திகை நாளில் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, இருபத்திரண்டு பிள்ளைகளும் அந்த மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்காருகிறார்கள். "என் ஷூ மட்டும் கோட்டுக்கு வெளியே இருந்துச்சும்மா, டீச்சர் கையாலேயே உள்ளே இழுத்துவிட்டாங்க" என்று அவள் சொன்னாள். அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி நகரில் ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பள்ளி மாவட்டத்துக்கும் சொந்தக் காவல்துறை இருந்தது, ஆறு பேர் கொண்டது. பல்வேறு துறைகளிலிருந்து மொத்தம் 376 அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் கொலையாளியை நெருங்க 77 நிமிடங்களாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தத் துறையின் தலைவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்; அக்டோபரில் துறையின் செயல்பாடே நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2018இல், ஃபுளோரிடாவின் பார்க்லாண்டில் 17 பேர் கொல்லப்பட்டபோதும் ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் அந்த வளாகத்திலேயே இருந்தார். அவர் கட்டடத்துக்கு உள்ளே போகவில்லை.

இத்தனைக்கும் பிறகு, 2023இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் பள்ளி நேரம் முழுவதும் ஆயுதம் தாங்கிய பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அதற்கு அந்தச் சட்டம் ஒதுக்கிய பணம் ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு 10 டாலர், ஒரு வளாகத்துக்கு 15,000 டாலர். ஒரு காவலரின் சம்பளத்துக்கு அது எந்த மூலைக்கு? பணமும் ஆளும் கிடைக்காத மாவட்டங்கள் தகுந்த காரணம் காட்டி விலக்குப் பெற்று, பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கோ ஊழியர்களுக்கோ ஆயுதம் ஏந்தும் பொறுப்பைத் தரலாம். அதாவது, எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் யார் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்பது வாரியக் கூட்டத்தில் முடிவாகிறது, அந்தக் கூட்டத்தில் பெற்றோர் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கின்றன.

பள்ளியைச் சுற்றிய நிலத்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 305 மீட்டருக்குள், துப்பாக்கி வைத்திருப்பதை 1990ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கியது. சான் அன்டோனியோவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்த வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது; அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தது. தனியார் நிலத்துக்கும் மாநில உரிமம் பெற்றவர்களுக்கும் அதில் விலக்கு உண்டு. 2021 முதல் டெக்சாஸில் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்றானதை நம்பி, உரிமம் எடுக்காமல் காரில் வைத்துக்கொண்டு பிள்ளையை இறக்கிவிடப் போகிறவர்கள் இந்த 1,000 அடியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. போதைப்பொருள் வழக்குகளிலும் அதே தூரத்துக்குள் தண்டனை கூடுகிறது. கஞ்சாவின் போதைச் சத்தான டி.எச்.சி. எண்ணெய் உள்ள வேப் பேனா ஒன்று பையில் இருந்தாலே, எவ்வளவு சிறிய அளவானாலும், இந்த மாநிலத்தில் அது பெருங்குற்றம் என்பதை எத்தனை வீடுகளில் பிள்ளைகளிடம் சொல்லியிருப்போம்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. டெக்சாஸில் 17 வயது நிரம்பியவரைக் குற்றவியல் சட்டம் பெரியவராகவே நடத்துகிறது. பதினோராம் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அந்த வயது ஆகிவிடுகிறது. வாக்களிக்க முடியாது, ஆனால் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிற்க முடியும். பள்ளியைக் குறித்துப் பொய்யான அபாயச் செய்தி பரப்புவது இங்கே 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை பெறக்கூடிய பெருங்குற்றம். எழுதியவன் விளையாட்டுக்குத்தான் எழுதினான் என்பதைப் பிறகு வழக்கறிஞர்தான் வாதாட வேண்டியிருக்கும். விசாவில் வாழும் குடும்பத்துக்கு இதன் விளைவு இன்னும் நீளமானது.

இப்போது அந்த அறைக்குத் திரும்புகிறேன். 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த நியூ ஜெர்சி வழக்கு ஒன்றில், கழிப்பறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்ட 14 வயது மாணவியின் கைப்பையைப் பள்ளி அதிகாரி சோதித்திருந்தார். வெளியே ஒருவரைச் சோதிக்கக் காவலருக்குத் தேவைப்படும் வலுவான ஆதாரம் பள்ளி அதிகாரிக்குத் தேவையில்லை, நியாயமான சந்தேகம் போதும் என்றது நீதிமன்றம். பள்ளி நடத்துவதற்கு அந்தத் தளர்வு வேண்டியதுதான் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் சோதிப்பவர் பக்கத்தில் காவலரும் நின்றால், அந்தத் தளர்வின் பலன் யாருக்குப் போகிறது? 2011இல் வட கரோலினா வழக்கு ஒன்றில் இந்தக் கேள்வியின் மறுபக்கம் வந்தது. 13 வயதுச் சிறுவன் ஒருவனைப் பள்ளியிலேயே, கதவு சாத்திய அறையில், காவலர்களும் பள்ளி நிர்வாகிகளும் சேர்ந்து விசாரித்திருந்தார்கள். காவலில் வைத்து விசாரிக்கும்முன், பேசாமல் இருக்க உரிமை உண்டு என்று காவலர் சொல்ல வேண்டிய மிராண்டா எச்சரிக்கையைத் தரவில்லை. அவன் காவலில் இருந்தானா என்று பார்க்கும்போது அவனுடைய வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது. 13 வயதுப் பிள்ளைக்கு "எழுந்து போகிறேன்" என்று சொல்லத் தோன்றாது என்பதை அவனைப் பெற்றவர்களுக்கு யாரும் தீர்ப்பெழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

டெக்சாஸும் இந்த எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக வகுத்துத்தான் வந்திருக்கிறது. தன் பள்ளியில் வகுப்பைக் குலைத்ததற்காக ஒரு மாணவனுக்குக் காவலர் அபராதச் சீட்டு கிழித்துக் கொடுப்பதை 2013இல் நிறுத்தியது. பள்ளிக்கு வராமல் இருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து 2015இல் எடுத்தது. 2019இல் மிகத் தெளிவான ஒரு வரி சட்டத்தில் ஏறியது: அன்றாட மாணவர் ஒழுங்கு நடவடிக்கையைக் காவலர்களிடம் ஒப்படைக்கக் கூடாது, அவர்களுடைய பணி என்ன என்பதை மாணவர் நடத்தை விதிநூலில் எழுதி வைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்டில் படிக்காமலேயே "ஒப்புக்கொள்கிறேன்" என்று நாம் சொடுக்கிவிடுகிறோமே, அந்த விதிநூலில்தான். நான் எங்கள் மாவட்டத்தின் நூலை இந்த முறைதான் முழுதாகப் படித்தேன்.

இந்த எல்லை அழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2015 செப்டம்பரில் இதே டாலஸ் வட்டாரத்தில், இர்விங் நகரில், வீட்டில் தானே செய்த கடிகாரத்தை ஆசிரியரிடம் காட்டக் கொண்டுவந்த 14 வயது மாணவனுக்குப் பள்ளியில் கைவிலங்கு பூட்டினார்கள். அவன்மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. அந்த நாட்களில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் எல்லாரும் அதையே பேசினோம், பிறகு மறந்துபோனோம்.

2020இல் மினியாபொலிஸ் பள்ளி வாரியம் நகரக் காவல்துறையோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது, ஓக்லாந்து தன் பள்ளிக் காவல்துறையையே கலைத்தது. நான் அதைக் கேட்கவில்லை. நீல டேப்புக்குள் உட்கார்ந்திருக்கும் என் மகளுக்காக வாசலில் ஒருவர் நிற்கட்டும். நான் கேட்பது, அவர் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பதுதான். குழுவில் வந்த ஒரு செய்தியை அவர் விசாரிக்க வேண்டிய அளவுக்கு அது அபாயமானதென்றால், அந்த விசாரணைக்கு ஒரு காவல் விசாரணைக்குரிய மரியாதை வேண்டும்: பெற்றோருக்கு முதலில் தொலைபேசி அழைப்பு, பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்ற ஒரு வார்த்தை. மாணவனைக் காவலில் எடுத்தால் பெற்றோருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. வெறும் கேள்வி கேட்பதற்கு முன் என்ன செய்வது என்பது மாவட்டத்தின் கொள்கைத் தொகுப்பில், பல இடங்களில் ஜி.ஆர்.ஏ. என்ற குறியீட்டின் கீழ், இருக்கிறது. அங்கேயும் "இயன்ற முயற்சி" என்ற அளவில்தான் பேச்சு.

என் மகனுக்கு இப்போது ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். உதவித் தலைமையாசிரியர் கேட்டால் உண்மையைச் சொல், மரியாதையாகச் சொல். சீருடையில் இருப்பவர் கேட்டால், "என் அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடுங்கள், அவர்கள் வந்த பிறகு பேசுகிறேன்" என்று சொல். அவன் இதைச் சமையலறையில் என் கணவரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். இரண்டாம் முறை குரல் கொஞ்சம் நடுங்கியது.

அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டுப் பள்ளிக்கு எழுதினேன். பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை 1974ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பெற்றோருக்குத் தருகிறது. பள்ளி 45 நாளுக்குள் காட்ட வேண்டும். முப்பத்தெட்டாம் நாள் மின்னஞ்சல் வந்தது. அந்தத் தாள் பள்ளியின் கோப்பில் இல்லை, மாவட்டக் காவல்துறையின் கோப்பில் இருக்கிறது, அங்கே இருக்கும் பதிவுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று மிகப் பணிவாக எழுதியிருந்தார்கள். சட்டப்படி அது சரிதான். காவல் பணிக்காகக் காவல் பிரிவு உருவாக்கி வைத்திருக்கும் பதிவுகள் கல்விப் பதிவுகளாகா. அன்று கேள்வி கேட்டது யார் என்ற என் கேள்விக்கு அந்த மின்னஞ்சலில்தான் பதில் கிடைத்தது.

நேற்று மாவட்டக் காவல்துறைக்கு இரண்டாவது விண்ணப்பத்தை அனுப்பினேன். அடுத்த திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு வாரியக் கூட்டம். பொதுமக்கள் பேசும் நேரத்தில் மூன்று நிமிடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.