பெற்றோல் குடிக்கும் வண்டியும் சீல் தின்னும் நாயும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தின் வடமுனைக்கு நுனாவிக் என்று பெயர். ஹட்சன் விரிகுடாவையும் ஹட்சன் நீரிணையையும் அங்காவா விரிகுடாவையும் அண்டி, வடதுருவப் பழங்குடியினரான இனுயிட்களின் 14 ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குத் தெரு இல்லை, மொன்றியலுக்கும் தெரு இல்லை. விமானம் உண்டு. கோடையில் கடல் உருகியதும் கப்பல் வரும். அடுத்த கோடை வரைக்கும் வேண்டிய பெற்றோலும் டீசலும் கப்பலில் வந்துதான் தாங்கிகளில் நிறையும். அந்த ஊர்களில் ஒன்றில் கராஜ் மெக்கானிக்காக வேலை பார்த்தேன். லொறி, படகு எஞ்சின், நான்கு சில்லு வண்டி எல்லாம் வரும். ஆனால் குளிர்காலம் முழுக்க கராஜை அடைத்துக்கொண்டு நிற்பது ஸ்கிடூதான். எந்தக் கம்பனி செய்த பனி வண்டியானாலும் அங்கே அது ஸ்கிடூ.

தெற்கே இருக்கும் நண்பர்கள் இதைக் கேள்விப்பட்டதும் கேட்பது ஒன்றுதான்: "அவையள் நாய் வண்டியில எல்லோ போறவை? ஏன் அதை விட்டவை?" கேட்கிறவரின் மனதில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும். வேகமான இயந்திரம் வந்தது, மெதுவான நாய் தோற்றது. இயந்திரத்தின் பக்கம் நின்று சம்பளம் வாங்கியவன் நான், ஆனாலும் இந்தப் பதில் எனக்கு ஒத்துவருவதில்லை.

இயந்திரத்தின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜோசப்-ஆர்மன் பொம்பார்டியே கியூபெக்கின் வால்கூர் ஊரில் இந்தச் சின்ன வண்டியை 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். நாய்கள் சுமையோடு மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் போகும். ஸ்கிடூ நல்ல பனியில் ஐம்பதைத் தாண்டிச் சாதாரணமாகப் போகும். நாய்களோடு நாலு நாள் பிடிக்கும் கரிபூ மான் வேட்டையை ஒரே நாளில் முடித்து, இரவுக்கு வீடு திரும்பலாம். வேட்டைக்குப் போகாத நாளில் அதற்குத் தீனி வேண்டாம்.

ஆனால் மைனஸ் 35இல் அந்த வண்டிக்கு என்ன நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். எஞ்சினின் விசையைக் கடத்தும் டிரைவ் பெல்ற் மரக்கட்டைபோல விறைத்துவிடும்; புறப்பட்ட கையோடு வேகம் கொடுத்தால் பிய்ந்துபோகும். வண்டிக்கு அடியில் சுழலும் ரப்பர் பட்டியான ட்ராக் நிலத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். பெற்றோலில் கலந்த துளித் தண்ணீர் குழாய்க்குள் உறைந்து வழியை அடைக்கும். தெற்கே பிரபலமான பகட்டு மொடல்களில் எஞ்சினைத் திரவம் குளிர்விக்கிறது. ஓடும்போது ட்ராக் வாரியிறைக்கும் தூள்பனி பட்டால்தான் அந்தத் திரவத்தின் சூடு தணியும். காற்று வழித்துவிட்ட கடற்பனிக்கட்டியில் தூள்பனிக்கு எங்கே போவது? எஞ்சின் கொதித்துவிடும். அதனால்தான் வேட்டைக்காரர்கள் விசிறிக் காற்றில் குளிரும் எளிய எஞ்சினைத் தேடி வாங்குகிறார்கள். யமஹா பிராவோ அப்படிப்பட்ட ஒரு வண்டி. அதை வருடக்கணக்காக உயிரோடு வைத்திருக்கிறவர்கள் உண்டு. 2023இல் யமஹா பனி வண்டித் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தபோது, இனி இவர்கள் பாகங்களுக்கு எங்கே போவார்கள் என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது.

அந்த வேட்டைக்காரர்களின் கைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஊரை விட்டுக் கிளம்பும்போது மாற்று பெல்ற், பிளக், கொஞ்சக் கம்பி, கயிறு, அடுப்பு எல்லாம் கமுத்திக்கில் இருக்கும். கமுத்திக் என்பது நாய்கள் இழுத்த அதே சறுக்கு வண்டி. குறுக்குச் சட்டங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். அதனால் கரடுமுரடான பனிக்கட்டியில் மோதினால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். இன்று அதை இழுப்பது ஸ்கிடூ, கட்டும் முறை மாறவில்லை. முறிந்த ஸ்கீயை வெட்டவெளியில், கிடைத்த கட்டையை வைத்துக் கட்டி ஓட்டிக்கொண்டு வந்து, "இனி நீ பார்" என்று என் முன்னால் நிறுத்திய இளைஞர்கள் உண்டு. பயிற்சிக்கூடத்தில் நான் படித்ததைவிட அவர்களிடம் படித்தது அதிகம்.

கராஜுக்குத் தேநீர் குடிக்க வரும் ஒரு முதியவர் இருந்தார். சிறு வயதில் நாய்களோடு வேட்டைக்குப் போனவர். அவர் இனுயிட்களின் மொழியான இனுக்டிடுட்டில் பேச, பேரன் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லுவான். பனிப்புயலில் கண் தெரியாதபோது தலைமை நாயை அதன் போக்கில் விட்டால் வீடு வந்து சேரலாம் என்பார். சீல் என்ற கடல்விலங்கு மூச்சுவிட மேலே வரும் துளை பனிக்குக் கீழே மறைந்திருந்தாலும் நாய் மோப்பம் பிடித்துவிடும். பனிக்கரடி கிட்டே வந்தால் குரைக்கும். ஒவ்வொரு நாயும் தனித்தனி வாரில் விசிறிபோல விரிந்து ஓடுவதால் பாரம் ஒரே இடத்தில் விழாது. மெல்லிய பனிக்கட்டியை நாய் மனிதனுக்கு முன்னே உணர்ந்து தயங்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் எழுந்துபோய்த் தன் ஸ்கிடூவைக் கிளப்புவார். அவருக்கு அதில் முரண் எதுவும் இல்லை. ஸ்கிடூ பிடிக்கும் என்று வெளிப்படையாகவே சொல்லுவார்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? தீனியில் என்று நினைக்கிறேன். நாய் தின்பது வேட்டைக்காரர் தின்பதையே: சீல், வால்ரஸ், மீன். வேட்டையிலிருந்தே அதன் சாப்பாடும் கிடைத்துவிடும். ஆனால் அதற்கு நிறைய வேட்டை வேண்டும், நிறைய நேரமும் வேண்டும், வருடம் முழுக்க. ஸ்கிடூவுக்கு நேரம் வேண்டாம், பணம் வேண்டும். பெற்றோல், எண்ணெய், பெல்ற், தவணைக் காசு எல்லாம் டொலரில். டொலருக்கு வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போனால் வேட்டைக்கு மிஞ்சுவது சனி ஞாயிறு. இரண்டு நாளில் போய்த் திரும்ப வேகமான வண்டி இல்லாமல் முடியாது. ஆகவே அந்த வண்டிக்காக இன்னும் வேலை. இந்தச் சுழலுக்குள் நிற்கிறவரைப் பார்த்து "ஏன் நாயை விட்டீர்கள்" என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வேலை இருக்கிறவரிடம் நேரம் இல்லை, நேரம் இருக்கிறவரிடம் பெற்றோலுக்குக் காசு இல்லை. கராஜ் வாசலில் பழுதான வண்டியோடு வந்து, விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிப்போன இளைஞர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அவர்களுக்கு வேட்டை தெரியும். வண்டி ஓடாததால் அவர்கள் வீட்டில் கடைச் சாப்பாடு.

இனி, நாயை "விட்டார்கள்" என்ற சொல்லுக்கு வருகிறேன். 1950களின் நடுவிலிருந்து 1960களின் கடைசி வரை நுனாவிக்கில் பொலிசாரும் அதிகாரிகளும் நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகவும் வைத்தியத்துக்காகவும் குடும்பங்கள் ஊர்களில் குடியமர்ந்த காலம் அது. சட்டப்படி நாயைக் கட்டி வைக்க வேண்டும், அவிழ்ந்து திரிந்தால் சுடலாம். வண்டி இழுக்கும் நாய்களைக் கட்டியே வளர்க்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு, பல இடங்களில் புரியும் மொழியில் யாரும் எதையும் சொல்லவும் இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஜான்-ஜாக் க்ரோத்தோ 2010இல் கொடுத்த அறிக்கை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டதாகச் சொல்கிறது. பல வீடுகளில் நாய் போன அன்று ஸ்கிடூ வாங்கக் காசு இருக்கவில்லை. நடுவில் வேட்டைக்குப் போக வழியே இல்லாத வருடங்கள் இருந்தன. இயந்திரம் வந்து நாயை ஓட்டப்பந்தயத்தில் வென்றது என்ற கதையில் அந்த வருடங்களுக்கு இடமே இல்லை.

2024 நவம்பரில் கங்கிக்சுஜுவாக் ஊரில் கனடிய அரசு இதற்காக மன்னிப்புக் கேட்டது, 45 மில்லியன் டொலர் இழப்பீடும் அறிவித்தது. அரசின் சார்பில் பேசியவர் ஹரி ஆனந்தசங்கரி, இலங்கையில் பிறந்த தமிழர். அரசு ஒரு சனத்தின் வாழ்வைக் குலைத்தால் அது எத்தனை தலைமுறைக்கு நீளும் என்று அறிந்த இடத்திலிருந்து வந்த ஒருவரின் வாயால் அந்த வார்த்தைகள் வந்தது எனக்குப் பெரிய விஷயம். நானும் அப்படி வந்தவன்தான்.

நாய்கள் போனபின் அடுத்த அடி ஐரோப்பாவிலிருந்து விழுந்தது. ஸ்கிடூவுக்கான பெற்றோல் காசில் ஒரு பங்கு சீல் தோலை விற்றுத்தான் வந்தது. 1983இல், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் சீலின் வெள்ளைக் குட்டிகளின் தோலைத் தடைசெய்தது. இனுயிட்கள் அந்தக் குட்டிகளை வேட்டையாடுகிறவர்கள் அல்லர். அவர்களது சீல் வேறு வகை, வேட்டையும் சாப்பாட்டுக்கானது. இருந்தும் சந்தை எல்லாத் தோலையும் ஒன்றாகப் பார்த்தது, விலை சரிந்தது. பரிவோடு எடுத்த முடிவு என்பதை நான் மறுக்கவில்லை. அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நுனாவிக்கில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இனுயிட்களும் அரசும் சேர்ந்து செய்த 1975இன் ஜேம்ஸ் பே உடன்படிக்கை வழியாக வந்த வேட்டை உதவித் திட்டத்தின்படி, வேட்டைக்காரர் கொண்டுவரும் இறைச்சியையும் மீனையும் ஊர் காசு கொடுத்து வாங்கிப் பொதுக் குளிரூட்டியில் வைக்கும். வேண்டியவர்கள் எடுத்துச் சமைக்கலாம். அந்தக் காசுதான் பல பேருடைய பெல்ற்றாகவும் பிளக்காகவும் என் மேசைக்கு வந்தது. வடக்கில் உணவு விலை பற்றிப் பேசுகிறவர்கள், தெற்கிலிருந்து வரும் பொருளுக்கு விலைக்கழிவு கொடுப்பதோடு நிறுத்தாமல் இந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். ஊருக்கு ஒரு ஒழுங்கான கராஜ், உள்ளூர் இளைஞருக்கு மெக்கானிக் பயிற்சி, நியாய விலையில் பாகங்கள். இவையும் உணவுத் திட்டம்தான்.

நாய்களும் திரும்பி வருகின்றன. 2001இல் தொடங்கிய இவாக்காக் என்ற நாய் வண்டிப் போட்டியில் இனுயிட் நாய் இனம் மட்டுமே ஓடலாம். அந்த இனம் அழியாமல் இருக்கவும், இளையவர்கள் பழக்கவும் அது காரணமாகியிருக்கிறது. எங்கள் ஊரில் நாய் வளர்த்த ஒருவர் என் வாடிக்கையாளர். அவருடைய பழைய ஸ்கிடூவில் கிளட்ச் தேய்ந்திருந்தது. அவசரமாகச் செய்து தரச் சொன்னார். நாய்களுக்கு வால்ரஸ் இறைச்சி தீர்ந்துவிட்டதாம், அதை ஏற்றி வர வண்டி வேண்டும். மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் எடுத்தேன்.