குப்பை வண்டிக்குப் பின்னால் போய்க் கற்ற தணிக்கைத் திட்டம்

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் உதவி ஆய்வாளர் ஆக வேண்டும் என்று கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் நாலு பேர் குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குச் சேர்ந்து படித்தோம். 'நகராட்சிக் குப்பை மேலாண்மைக்கு ஒரு செயலாக்கத் தணிக்கை திட்டமிடுக' என்று நாங்களே ஒரு பயிற்சிக் கேள்வி வைத்துக்கொண்டோம். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், நகராட்சிக் கணக்குத் தணிக்கை பற்றிய அதன் 243இசட் பிரிவு, தமிழ்நாட்டின் 2014 உள்ளாட்சி நிதித் தணிக்கைச் சட்டம் என்று மூன்று பக்கம் நிரப்பினேன். தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பா படித்துப் பார்த்தார். "எல்லாஞ் செரி கண்ணு, இதுல குப்பை எங்க இருக்குது?" என்றார்.

செலவுக்கு வவுச்சர் இருக்கிறதா, விதிப்படி செலவானதா என்று பார்ப்பது வழக்கமான தணிக்கை. அந்தப் பணம் சிக்கனமாகச் செலவானதா, வேலை திறமையாக நடந்ததா, நினைத்த பயன் மக்களுக்குக் கிடைத்ததா என்று கேட்பது செயலாக்கத் தணிக்கை. அதனால் திட்டம் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். கேள்விக்குப் பக்கத்திலேயே அளவுகோலையும் எழுதிவிடுங்கள். அப்போது நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையை மக்கும், மக்காத, அபாயகரமான வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. இதுபோல ஒன்று கையில் இல்லாவிட்டால், நீங்கள் சொல்வது வெறும் அபிப்பிராயமாகிவிடும்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பேட்டரி வண்டிக்குப் பின்னால் நடந்தேன். ஒரு அம்மா பச்சை வாளியில் காய்கறித் தோலையும் நீல வாளியில் பால் கவர்களையும் தனித்தனியாகத் தந்தார். தெருமுனையில் இரண்டும் ஒரே லாரியில் போய் விழுந்தன. அந்த அம்மாவின் உழைப்பு அங்கேயே வீணாவதைப் பார்க்க மனசு கஷ்டப்பட்டது. ஆனால் என் கேள்வி கிடைத்துவிட்டது: 'பிரித்து வாங்கிய மக்கும் குப்பை நுண் உரமாக்கல் மையம் (மக்கும் குப்பையை உரமாக்கும் இடம்) வரை பிரிந்தே போகிறதா?' சான்று எங்கே தேடுவது என்பதும் அப்புறம் தானாக வந்தது: வண்டியின் லாக் புக், எடை மேடைச் சீட்டு, மையத்தின் வரவுப் பதிவேடு, உரம் விற்ற ரசீது, ஒப்பந்ததாரர் பில். ஐந்தையும் ஒரே மாதத்துக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கே எடை குறைகிறது என்று தெரிந்துவிடும்.

நிதிப் பக்கத்துக்கு மூன்று ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையும் உண்மைச் செலவையும் ஒப்பிடுங்கள். நகராட்சி தனித்தனிக் கணக்காக வைக்கும் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடாதீர்கள். சொத்து வரியின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். நிலுவை ஏறிக்கொண்டே போகிற ஊரில் துப்புரவுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

நான் இரண்டாவது முறை எழுதியதில் பதினோரு கேள்விகள் இருந்தன. சித்தப்பா எட்டை அடித்தார். மிச்சம் மூன்றுக்கும் நேராக எந்தப் பதிவேட்டைப் பார்ப்பேன் என்று எழுதச் சொன்னார். ஒன்றுக்கு என்னால் எழுத முடியவில்லை. அதையும் அடித்துவிட்டு, "இனி எழுது கண்ணு" என்று பேனாவைத் திருப்பித் தந்தார்.