செம்முகப் பாறும் என்னோட மொக்க போட்டோவும்

முதுமலை புலிகள் காப்பகத்துல இருக்கற மசினகுடிக்கு இது அஞ்சாவது ட்ரிப். முன்னாடி போன நாலு தடவயும் வெண்முதுகுப் பாறு (பாறுன்னா பொணந்தின்னிக் கழுகு) கூட்டமா சுத்துறத பாத்திருக்கேன், ஆனா செம்முகப் பாறு மட்டும் கண்ணுலயே படல. அது கூட்டம் சேராது, தனியாவோ ஜோடியாவோதான் வரும், எண்ணிக்கையும் ரொம்ப கம்மி.

பறவ போட்டோ எடுக்கறவன் எல்லாம் விடியறதுக்கு முன்னாடி அலாரம் வெச்சு எந்திரிப்பான், பாறுக்கு அந்த வேலையே இல்ல. தரை சூடாகி காத்து மேல கிளம்பினாத்தான் அது றெக்கைய விரிச்சு மெதக்கும், அதுக்கு ஒம்பதரை பத்து ஆயிடும், ஆனா அந்த நேரத்துல வெளிச்சம் கேவலமா இருக்கும், கானல் வேற, எவ்ளோ பெரிய லென்ஸ் வெச்சாலும் படம் தண்ணிக்குள்ள எடுத்த மாதிரி நெளியும். இதுல கருப்பு பறவ, பின்னாடி வெள்ள வானம்! கேமரா வானத்த பாத்து ஏமாந்து பறவைய கரிக்கட்டையா ஆக்கிடும், அதனால படம் வெளிச்சமா விழ எக்ஸ்போஷர ஒன்றரை ஸ்டாப் ஏத்தி வெச்சுட்டு ரூம் மொட்டமாடில காத்துக்கெடந்தேன். (புலிகள் காப்பக ரோட்டுல வண்டிய நிறுத்தக் கூடாது, போட்டோக்காக நிறுத்துறவங்கள பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.)

கூட இருந்த ஜீப் டிரைவர் அண்ணன்தான் மொதல்ல பாத்தாரு. "சார், அந்த பொணந்தின்னி தலைய பாருங்க, செக்கச்செவேல்னு இருக்கு." கேமராவ தூக்கி க்ளிக் அடிச்சேன், ஃபோகஸ் முன்னயும் பின்னயும் ஓடுது, கை நடுங்குது, மொத்தம் பதினாலு ஃப்ரேம், பதிமூணு குப்ப.

மிச்சம் ஒண்ணு. அதுவும் ஷார்ப் இல்ல, ஆனா செவப்பு தல, தொடைகிட்ட ரெண்டு வெள்ளத் திட்டு, றெக்கைக்கு அடில மெல்லிசா ஒரு வெள்ளக் கோடு எல்லாம் தெரியுது. பெருசு பண்ணி பாத்தா கண்ணும் வெளுப்பா இருக்கு, அப்ப ஆண். பொண்ணுக்கு கண்ணு கரும்பழுப்பா இருக்கும்.

இதெல்லாம் ஒருகாலத்துல சாதாரணமா இருந்த பறவைங்க. திருக்கழுக்குன்றத்துல மத்தியானம் ரெண்டு கழுகு வந்து பிரசாதம் சாப்ட்டுட்டு போகும்னு எங்க பாட்டி கத கதயா சொல்லும், அது மஞ்சள்முகப் பாறு, இப்ப வர்றதே இல்ல. பாறுங்க இப்டி கொறஞ்சதுக்கு பெரிய காரணம் டைக்ளோஃபினாக், மாட்டுக்கு போடற வலி ஊசி. ஊசி போட்ட மாடு செத்து அத பாறு தின்னா கிட்னி போயிடும். 2006ல மாட்டுக்கு தட பண்ணாங்க, உடனே மனுஷங்களுக்கான பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்கு போட ஆரம்பிச்சாங்க, நம்மாளுங்க மூளையே மூள! அப்புறம் 2015ல மனுஷ ஊசிக்கும் 3 மில்லிக்கு மேல பாட்டில் கூடாதுன்னாங்க. 2023ல அதே மாதிரி பாறுக்கு ஆகாத வலி மருந்துங்க கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ரெண்டையும் கால்நடைக்கு நிறுத்தினாங்க. இது போக, மாட்ட அடிச்ச புலிய பழிவாங்க செத்த மாட்டுல விஷம் வெப்பாங்க, அதுலயும் போறது பாறுதான்.

மோயாறு ஓரமா நீர்மருது மரத்துல வெண்முதுகு பாறு கூடு கட்டும், வருஷத்துக்கு ஒரே ஒரு முட்ட. கூடு இருக்கற எடத்துக்கு படம் எடுக்க கூட்டிட்டு போறேன்னு ஒருத்தர் வந்தாரு, வேணாம்னுட்டேன்.

டிரைவர் அண்ணன் அந்த மொக்க போட்டோவ வாட்ஸப்புல கேட்டு வாங்கினாரு. மறுநாள் பாத்தா அதான் அவரு டிபி.