அல்லி கையில் மந்திரம்

சிங்கப்பூரின் டௌன்டவுன் ரயிலில் எதிர் இருக்கையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை. மடியில் தடித்த சிறுகதைத் தொகுப்பு. அட்டையில் வாளோடு ஒருத்தி, பின்னால் கோல் பிடித்த மந்திரக்காரி.

பூகிஸ் நிலையத்தில் கதவு மூடும் ஓசை கேட்டுத்தான் துள்ளி எழுந்தாள். படித்த பக்கத்தில் விரலைச் செருகியபடியே ஓட்டம்!

வாளும் மந்திரமும் கலந்த இந்த வகைக் கதைகளுக்கு ஆரம்பத்திலேயே வழி போட்டவர்களில் ஒருவர் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் சி. எல். மூர். 1934இல் அவர் படைத்த வீராங்கனை ஜிரெல், தன் கோட்டையைப் பறித்தவனைப் பழிவாங்க ஆயுதம் தேடிப் பாதாளத்தில் இறங்குவாள். கழுத்தில் சிலுவை இருக்கும்வரை கும்மிருட்டு. கழற்றியதும்தான் அந்த உலகமே கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு வாள்வீச்சைவிட இந்த இடம்தான் பிடிக்கும். மந்திரம் என்றால் இப்படி விலை கேட்க வேண்டும். சும்மா கையை ஆட்டினால் தீ வரும் என்றால் அதில் என்ன கதை?

நம் அல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையை ஆண்ட வீராங்கனை. ஆனால் அர்ச்சுனன் பாம்பாக வந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். மாயமெல்லாம் கண்ணன் பக்கம்! சின்ன வயதில் கேட்டபோதே எரிச்சல் வந்தது.

அந்தப் பெண்பிள்ளை இறங்கிய பூகிஸுக்குப் பக்கத்து வாட்டர்லூ தெருவில் 1943 அக்டோபரில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் துப்பாக்கி தூக்கினார்கள்.

அந்த வரிசையில் அல்லியையும் நிறுத்தி, இந்த முறை மந்திரத்தை அவளிடம் கொடுத்து யாராவது எழுதுங்களேன். முதல் ஆளாக வாங்கிப் படிக்கிறேன்.