இலவசமாய்க் கொடுங்கள்

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு அண்ணன் பென்டிரைவை நீட்டினார். "ஐந்நூறு பாட்டு இருக்கு தம்பி, காப்பி பண்ணிட்டுக் கொடுங்க."

போனில் சொருகிப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ ஒரு டவுன்லோட் தளத்தின் பெயர். ஃபோல்டருக்கு அவர் வைத்த பெயர் 'ஊழியத்துக்காக'.

தயங்கினேன். "இலவசமாய்க் கொடுங்கள்னு ஆண்டவரே சொல்லியிருக்கார்ல?" என்றார்.

சொன்னார்தான், மத்தேயு 10:8. ஆனால் அது கொடுக்கிறவனுக்குச் சொன்னது, அடுத்தவன் உழைப்பை எடுத்து விநியோகிக்கிறவனுக்கு இல்லை. இரண்டே வசனம் தள்ளி, வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரன் என்றும் அவரேதான் சொல்கிறார்.

ஸ்டுடியோ வாடகை, கீபோர்டு வாசித்தவர், தபேலா வாசித்தவர், மிக்ஸிங் செய்தவர் என்று எல்லோருக்கும் கைக்காசு கொடுத்துப் பாட்டை வெளியிடுகிற சின்னப் பாடகர்கள் நம் சபைகளிலேயே எத்தனை பேர்!

ஆராதனையில் பாடுவதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டமே விலக்குக் கொடுக்கிறது. சரி, பாடுவோம். ஆல்பத்தையே காப்பியடித்துக் கைமாற்றுவது அந்த விலக்கில் வராது.

'களவு செய்யாதிருப்பாயாக' என்கிற எட்டாம் கட்டளையில் கிறிஸ்தவப் பாட்டுக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லையே.

வாங்க வசதியில்லையா? பல பாடகர்கள் தங்கள் யூடியூப் சேனலில் பாட்டை இலவசமாகவே போடுகிறார்கள். அங்கேயே போய்க் கேளுங்கள், லிங்கை நாலு பேருக்கு அனுப்புங்கள்.