நாற்பது விண்ணப்பம், இரண்டே பதில்: கோளாறு ரெஸ்யூமேயில்தான் இருந்தது

அக்கவுண்டன்ட் வேலைக்கு நாற்பது இடத்தில் போட்டு இரண்டு இடத்திலிருந்துதான் கூப்பிட்டார்கள் என்றால், மார்க்கெட் டல் என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளத் தோன்றும். மூன்று மாதம் நானும் அதைத்தான் செய்தேன். கடைசியில் பார்த்தால், என் ரெஸ்யூமேயைப் பெரும்பாலான இடங்களில் யாரும் படித்திருக்கவே வழியில்லை.

ஜெராக்ஸ் கடையில் அடித்து வாங்கிய ரெஸ்யூமே அது. சாஃப்ட் காப்பி கேட்டதற்கு, பிரிண்ட் எடுத்த தாளையே ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அது எழுத்து இல்லை, படம். எச்.ஆர். உட்கார்ந்து 'டாலி' (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), 'ஜி.எஸ்.டி.' என்று தட்டித் தேடும்போது, படத்துக்குள் இருக்கும் சொல் பெரும்பாலும் மாட்டாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பி.டி.எஃப்.-ஐத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து, நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். ஒன்றுமே வரவில்லையா? உங்களுடையதும் ஸ்கேன்தான்.

வேர்டில் புதிதாக அடித்து பி.டி.எஃப். ஆக்கிய பிறகும் நோட்பேட் சோதனை விடவில்லை. நெட்டில் எடுத்த டெம்ப்ளேட் பக்கத்தை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்திருந்ததால், இடது பக்க வரியும் வலது பக்க வரியும் பின்னிக்கொண்டு, படித்த கல்லூரிக்கு நடுவில் தெரிந்த மொழிகள் வந்து விழுந்தன. டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ், திறமைக்கு நட்சத்திரம் போடும் அலங்காரம் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, பக்கத்தைப் பிரிக்காமல் மேலிருந்து கீழாக எழுதுங்கள். போன் நம்பரை வேர்டின் ஹெட்டருக்குள் (பக்கத்தின் மேல் ஓரப் பகுதி) வைக்காதீர்கள். வேர்ட் ஃபைலாகக் கேட்கும் இடங்களில் சில சாஃப்ட்வேர் ஹெட்டரைத் தாண்டிப் போய்விடும். ஆள் பிடித்திருந்தாலும் கூப்பிட நம்பர் இருக்காது.

அடுத்து வெட்டு. அப்பா பெயர், மதம், சாதி, திருமணமானவரா, கீழே 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி எல்லாம் சேர்ந்து கால் பக்கத்தைத் தின்றிருந்தன. எதுவும் வேண்டாம். ஆதார், பான் எண் கண்டிப்பாக வேண்டாம்.

உண்மையான வேலை அனுபவப் பகுதியில்தான் இருக்கிறது. 'கணக்கு மற்றும் ஜி.எஸ்.டி. வேலைகளைக் கவனித்தேன்' என்று ஒரு வரி வைத்திருந்தேன். இந்த வரி பத்து ரெஸ்யூமேயில் ஒன்பதில் இருக்கும். ஆள் எடுப்பவருக்கு என்ன தெரிய வேண்டும்? மாதாமாதம் ரிட்டர்ன் ஃபைல் செய்யும் கம்பெனியில் விற்பனை விவரம் கொடுக்கும் ஜி.எஸ்.டி.ஆர்.-1க்கு 11ஆம் தேதி கெடு, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி 14ஆம் தேதி தயாராகும், வரி கட்டும் ரிட்டர்னான 3பி 20ஆம் தேதிக்குள் போக வேண்டும். அந்த 14க்கும் 20க்கும் நடுவே 2பியோடு பர்ச்சேஸ் பில்லை ஒப்பிட்டு, பில்லை ஏற்றாத சப்ளையரை விரட்டுகிறவர்தான் அவர்களுக்கு வேண்டிய ஆள். அதனால் வரியை இப்படி மாற்றினேன்: 'மாதம் சுமார் 300 பர்ச்சேஸ் பில் டாலி பிரைமில் பதிவு, 2பியோடு ஒப்பீடு, விடுபட்ட பில்லுக்கு சப்ளையர் ஃபாலோ-அப், 3 வங்கிக் கணக்குக்கு பி.ஆர்.எஸ்.; காலாண்டு 26கியூ தயாரிப்பு.' (பி.ஆர்.எஸ். என்பது நம் கணக்கை வங்கி ஸ்டேட்மென்ட்டோடு சரிபார்ப்பது; 26கியூ ஒரு டி.டி.எஸ். ரிட்டர்ன்.) வந்த போன்களில் பாதி இந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் பேசின.

எண்ணிக்கையை நினைவிலிருந்து அடித்துவிடாதீர்கள், நேர்முகத்தில் துருவுவார்கள். டாலி பிரைமில் டிஸ்ப்ளே மோர் ரிப்போர்ட்ஸ், ஸ்டேட்மென்ட்ஸ் ஆஃப் அக்கவுண்ட்ஸ், அதற்குள் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்று போனால் எந்த வவுச்சர் (பதிவு) எத்தனை என்று காட்டும். வேலையை விடுவதற்கு முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை மட்டும்தான், கம்பெனி டேட்டாவை எடுத்துக்கொண்டு வந்தால் அது வேறு வில்லங்கம். இன்னொன்று, 2020-இலேயே டாலி பிரைம் வந்துவிட்டது. வெறும் 'டாலி ஈ.ஆர்.பி. 9' என்று நிறுத்தியிருந்தால் பழைய ஆள் என்று தள்ளிவிடுவார்கள். இரண்டிலும் வேலை பார்த்திருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

ரெஸ்யூமே சரியான பிறகும், பதிவு செய்திருந்த வேலைவாய்ப்புத் தளத்திலிருந்து போன் வரவில்லை. ஒரு மாதம் வீணாகப் போனது அங்கிருந்த என் புரொஃபைலால். நோட்டீஸ் பீரியட் (இப்போதைய வேலையிலிருந்து விடுபட ஆகும் காலம்) '3 மாதம்' என்று எப்போதோ போட்டது அப்படியே கிடந்தது. அவசரமாக ஆள் தேடுகிறவர்கள் '15 நாள் அல்லது அதற்குள்' என்று வடிகட்டினால் நாம் பட்டியலிலேயே இருக்க மாட்டோம். சம்பளப் பெட்டி இன்னும் மோசம். அது ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்கிறது. மாதக் கணக்கில் 22,000 என்று அடித்து வைத்திருந்தேன். 2,64,000 என்று இருக்க வேண்டியது. ஊர் விஷயத்திலும் கவனம்: ஈரோட்டில் இருந்துகொண்டு கோவை, திருப்பூருக்கும் போகத் தயார் என்றால் விருப்ப ஊர்களில் அவற்றைச் சேர்த்தால்தான் தேடலில் வருவோம்.

இனிஷியல் தொல்லை நம் ஊருக்கே உரியது. 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் நிற்கும். புள்ளி வைத்தால் சில ஃபாரம் ஏற்காது. பான் கார்டில் எப்படி விரிந்திருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள்.

சின்ன கம்பெனிகள் வாட்ஸாப்பில்தான் கேட்கும். 'நியூ ஃபைனல் 2' என்ற பெயரில் ஃபைலை மட்டும் தட்டிவிட்டால் திறக்க மாட்டார்கள். ஃபைலுக்கு உங்கள் பெயர், வேலை, எத்தனை வருடம் என்று பெயர் வையுங்கள். கூடவே எந்த வேலைக்கு, என்ன அனுபவம், எப்போது சேரலாம் என்று மூன்று வரி.

புரொஃபைலைத் திருத்தியதும் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டிரெயினிங் ஃபீஸ் கேட்டும் போன் வரும். காசு என்ற பேச்சு வந்ததும் வைத்துவிடுங்கள். அதற்குப் பயந்து தெரியாத நம்பரையெல்லாம் பிளாக் ஆகும்படி வைத்துவிடாதீர்கள், எச்.ஆர். அழைப்பு லேண்ட்லைனிலிருந்தும் வருகிறது, எனக்கு ஒன்று அப்படித்தான் தவறியது.

மாற்றிய பிறகு அனுப்பியது பதினெட்டு, அழைப்பு ஐந்து. ஐந்திலும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் சம்பளக் கேள்வி வந்துவிட்டது. கைக்கு எவ்வளவு, சி.டி.சி. (கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு) எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் சி.டி.சி.-க்குள்தான் வரும். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றாலே மாதம் 1,800 ரூபாய் அங்கே போய்விடும்.